தலைதீபாவளிக்குப் பூட்டிய குழாய்

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜின் கதவில் ஓர் ஓட்டை இருக்கிறது. ஐந்து ரூபாய்க் காசு தாராளமாக நுழையும். என் மனைவி அதில் பழைய துணியைச் சுருட்டி அடைத்து, மேலே காலண்டரிலிருந்து வெட்டிய பிள்ளையார் படத்தை ஒட்டி வைத்திருக்கிறாள். வருகிறவர்கள் பக்தி என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஓட்டை போட்டவன் நான். மாப்பிள்ளைக்காகப் போட்டேன். அவர் மனம் குளிர்ந்தால் என் மகள் அவரிடம் நிம்மதியாக இருப்பாள் என்று நம்பி, அளவெடுத்து, டிரில் பிடித்துப் போட்டேன். என்ன புத்தியோ, நாசமாய்ப் போன புத்தி.

நான் மலைமேல் நாகலூர்ப் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவன். பழத்தோல் உரிக்கும் மெஷின், ஓடையிலிருந்து மேட்டுக்குத் தண்ணீர் ஏற்றும் பம்பு, ஜெனரேட்டர், குவார்ட்டர்ஸ் குழாய் எல்லாம் என் கைதான். சேலத்திலிருந்து பெட்டியோடு வந்த ஆட்கள் பார்த்து முழித்துவிட்டுப் போன மெஷினை நான் ஒற்றை ஸ்பேனரோடு ஓட வைத்திருக்கிறேன். அதனால் எனக்கு ஒரு திமிர் உண்டு. எது ஓடாமல் நின்றாலும் அடைப்பு எங்கே என்று எனக்குத் தெரியும் என்கிற திமிர். மகள் விஷயத்திலும் அதே திமிரோடுதான் இறங்கினேன்.

ஒரே மகள். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கும் மாப்பிள்ளைக்குக் கொடுத்தோம். கல்யாணத்துக்கு முன்னால் அவள் போன் பேச ஆரம்பித்தால் என் காது சுட்டுப்போகும். கல்யாணமாகி நான்கைந்து மாதத்தில் பேச்சு சுருங்கிவிட்டது. "சாப்டீங்களாப்பா? அங்க மழையா?" அவ்வளவுதான். அடுத்து என்ன கேட்பது என்று தெரியாமல் நானும் மழையைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பேன். "புதுசாக் கல்யாணமான புள்ளைங்க அப்பிடித்தானுங்க இருக்கும், சும்மா மனசப் போட்டு ஒழப்பாதீங்க" என்றாள் மனைவி.

நான் கேட்பேனா? அடைப்பை நானே கண்டுபிடித்தேன். கல்யாணப் பந்தியில் மாப்பிள்ளை வீட்டார் இரண்டு பேர் பேசிக்கொண்டது என் காதில் விழுந்திருந்தது. "மலைக்காரங்க, இவ்வளவு செஞ்சதே பெருசு" என்று ஒருவர் சொல்ல, இன்னொருவர் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே சிரித்தார். இதுதான் விஷயம், நம்மை இளக்காரமாக நினைக்கிறார்கள், அதில் என் பிள்ளை தலைகுனிந்து நிற்கிறாள் என்று முடிவு கட்டினேன். மகளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அதற்கு முன் ஒரு முறை நாங்கள் பெங்களூர் போயிருந்தபோது, மாப்பிள்ளை எங்களை ஒரு பெரிய பீர் கடைக்குக் கூட்டிப்போனார். அங்கேயே காய்ச்சி, அங்கேயே குழாயில் பிடித்துக் கொடுக்கிறார்கள். வீட்டில் வாயே திறக்காத மனிதர் அங்கே உட்கார்ந்ததும் வேறு ஆளாகிவிட்டார். "பாட்டில் பீர் வேற, இது வேற மாமா. மேல ரெண்டு விரல் நுரை நிக்கணும். அதுதான் கணக்கு" என்று எனக்கு விளக்கினார். எனக்குக் குடிப்பழக்கம் கிடையாது. மரியாதைக்கு ஒரு வாய் வைத்தேன், கசந்தது. ஆனாலும் அவர் என்னிடம் மனம்விட்டுப் பேசிய ஒரே நாள் அது. கிளாஸ் காலியாகக் காலியாக அடுத்தது வந்துகொண்டே இருந்தது. என் மகள் எதிரில் உட்கார்ந்து எலுமிச்சை ஜூஸைக் குடிக்காமல் ஸ்ட்ராவால் கலக்கிக்கொண்டே இருந்தாள். அதை நான் பார்த்தேன். ஜூஸ் நன்றாக இல்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

இந்த இடத்தில் என் சொந்தத் தலைதீபாவளியைச் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் என் கிறுக்கு உங்களுக்குப் புரியாது. எங்கள் பக்கத்தில் விருந்தாளி எதையும் முதல் தடவையே வாங்கிக்கொள்ள மாட்டான். காபி என்றால் "இப்பத்தானுங்க குடிச்சேன்" என்பான். சோறு போட வந்தால் இலைமேல் கையைக் கவிழ்த்துக்கொள்வான். அந்தக் கையை ஒதுக்கிவிட்டுப் போட வேண்டியது வீட்டுக்காரன் பொறுப்பு. மூன்று தடவையாவது வற்புறுத்தாத வீடு ஒரு வீடா? என் மாமனார் ஓமலூர்ப் பக்கத்துக்காரர். என் தலைதீபாவளி அன்று கறி வாளியோடு வந்தார். நான் முறைப்படி "போதுங்க" என்றேன். "சரிங்க மாப்ள" என்று சொல்லி வாளியோடு அடுத்த இலைக்குப் போய்விட்டார் அந்த மனுஷன்! புது மாப்பிள்ளை, அரை வயிற்றோடு எழுந்து கை கழுவினேன். முப்பது வருடமாக அதைச் சொல்லிக் காட்டிக்கொண்டே இருக்கிறேன். "ஒரு கரண்டிக் கறிக்கு எங்கப்பன எத்தன வருசந்தானுங்க வறுப்பீங்க? அந்தக் கறியே இந்நேரம் கருகிப் போயிருக்கும்" என்பாள் மனைவி. என் மாப்பிள்ளை என் வீட்டிலிருந்து அப்படி எழுந்து போகக் கூடாது என்பதில் நான் வைராக்கியமாக இருந்தேன்.

எங்கள் வீட்டுக்கு மேலே மேட்டில் ஒரு பங்களா உண்டு. பெங்களூர்க்காரர் ஒருவர் சனி ஞாயிறுக்கு வந்துபோவார். அவரிடம் வீட்டிலேயே பீர் பிடிக்கும் மெஷின் இருந்தது. அது ஒழுகியபோது நான்தான் வாஷர் மாற்றிக் கொடுத்தேன். அவர் புது மெஷின் வாங்கியதும் பழைய குழாய், ரெகுலேட்டர், டியூப் எல்லாவற்றையும் ஒரு சாக்கில் போட்டு என்னிடமே கொடுத்துவிட்டார். மாப்பிள்ளை தலைதீபாவளிக்கு வரப்போவதைச் சொன்னவுடன் அவருக்கு உற்சாகம் பிடித்துக்கொண்டது. தீபாவளி லீவுக்கு வரும்போது ஒரு பீப்பாய் பீர் கொண்டுவந்து இறக்குகிறேன் என்றார். மாநில எல்லை தாண்டி அப்படிக் கொண்டுவரலாமா என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

வேலையை ஆரம்பித்தேன். ஃப்ரிட்ஜுக்குள் பீப்பாயும் கேஸ் சிலிண்டரும் நிற்க வேண்டும், கதவுக்கு வெளியே குழாய் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். பக்கச் சுவர்களில் உள்ளே கேஸ் குழாய் ஓடும், தெரியாமல் டிரில்லை வைத்தால் ஃப்ரிட்ஜ் குப்பைக்குத்தான். கதவில் ஒன்றும் ஓடாது. அதனால் கதவில் போட்டேன். தட்டுகளை எல்லாம் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். மனைவி இட்லி மாவுச் சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"ஏனுங்க, மாவ எங்கீங்க வெக்கறது? உங்க தலமேலயா?"

"இந்தக் குளுருக்கு மாவுக்கு என்னத்துக்கு ஃப்ரிட்ஜு? வெளியவே வெய்யி."

அது நிஜமும்கூட. ஐப்பசி மழையில் எங்கள் ஊரில் மாவைப் புளிக்க வைப்பதுதான் பெரும்பாடு. அவள் சட்டியை அடுப்படி ஓரம் வைத்துவிட்டு, "மனுசன் பல்லு கிட்டிப் போற குளுர்ல, பச்சத்தண்ணியாட்டம் பீரு குடிக்கறதுக்கு ஒரு மாப்ள, அதப் புடிச்சுத் தர்றதுக்கு ஒரு மாமனாரு" என்று முணுமுணுத்துக்கொண்டே போனாள்.

சேலத்தில் சோடாக்காரர்களுக்கு கேஸ் நிரப்பும் இடத்தில் ஒரு சின்ன சிலிண்டர் எடுத்தேன். பஸ்ஸில் ஏற்ற மாட்டேன் என்று கண்டக்டர் மல்லுக்கு நின்றதால் காய்கறி வேனில் வைத்து மலையேற்றினேன். முதலில் வெறும் தண்ணீரை விட்டுப் பார்த்தேன். மூட்டுக்கு மூட்டு சோப்பு நுரை தடவி, எங்காவது குமிழி வருகிறதா என்று மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தேடினேன். ஒரு குமிழி இல்லை. அந்தச் சந்தோஷத்தில் மகளுக்குப் போன் போட்டேன்.

"மாப்பிள்ளைக்கு ஊட்லயே குழா பீருக்கு ஏற்பாடு பண்ணிட்டேன் கண்ணு."

சிக்னல் போய்விட்டது என்று போனைத் தட்டினேன்.

"வேண்டாம்ப்பா."

"என்ன சாமி?"

"அதெல்லாம் வேண்டாம்ப்பா. நாங்க சும்மா ரெண்டு நாள் உங்களோட இருந்துட்டுப் போறோம். அவுருக்கு வயிறு வேற சரியில்ல."

"நம்ம மலைக்காத்துக்கு வயிறெல்லாம் தானாச் சரியாயிரும்" என்று சிரித்துக்கொண்டே வைத்துவிட்டேன். "பாத்தியா, அப்பனுக்குச் சிரமம் கொடுக்கக் கூடாதுன்னு எவ்வளவு நாசூக்காச் சொல்றா" என்று மனைவியிடம் பெருமை வேறு அடித்துக்கொண்டேன்.

தீபாவளிக்கு நாலு நாள் முன்னால் பீப்பாய் வந்தது. பூட்டினேன். குழாயைத் திறந்தால் வெறும் நுரை. கிளாஸில் நுரை, சொம்பில் நுரை, தரையில் நுரை. மேட்டுக்குத் தண்ணீர் ஏற்றியே பழகியவனுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான், வரவில்லை என்றால் இன்னும் அழுத்து. முப்பது பவுண்டு அழுத்தத்தில் வைத்திருந்த கேஸை நாற்பதாக்கினேன். என் சட்டை, மீசை, பிள்ளையார் மாடம் எல்லாம் நுரையாகிவிட்டது. கண்டபடி திட்டிக்கொண்டு பங்களாவுக்கு ஓடினேன். அவர் வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "ரொம்ப அழுத்தறீங்க. பீரை இப்படி அழுத்தினால் நுரைதான் வரும். கேஸைப் பன்னிரண்டுக்குக் குறைங்க, டியூப் பத்தடி நீளத்துக்கு ஒல்லியாப் போடுங்க, ஒரு நாள் தொடாம விடுங்க" என்றார். அப்படியே செய்தேன். மறுநாள் பொன்னிறமாக இறங்கியது, மேலே இரண்டு விரல் நுரையோடு. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "எரும மூத்திரமாட்ட இருக்குது, இதுக்கா இந்தப் பாடு" என்று சொல்லிவிட்டு முறுக்குச் சுடப் போய்விட்டாள்.

தீபாவளிக்கு முந்தின நாள் மத்தியானம் காரில் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளை இளைத்திருந்தார், ஆனால் முகம் தெளிந்திருந்தது. என் மகளும் கொஞ்சம் சிரித்தாள். அவர் குளிக்கப் போனதும், நான் ஃப்ரிட்ஜின்மேல் போர்த்தி வைத்திருந்த புதுத் துண்டை அவள் தூக்கிப் பார்த்தாள். முகம் வெளிறிவிட்டது.

"அப்பா, அவுரு வர்றதுக்குள்ள இதக் கழட்டிருங்கப்பா. உங்களக் கும்புட்டுக் கேக்கறேன்."

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ. "ஏன், உங்கப்பன் கையால செஞ்சதுன்னாக் கேவலமாத் தெரியுதா? பங்களாவுல இருக்கறதுதான் இதுவும். நாங்க மலைக்காரங்க, எங்களுக்கு என்ன தெரியும்னு நெனச்சுட்டியா?" என்று கத்தினேன்.

"அது இல்லப்பா" என்றாள். குளியலறைக் கதவைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாய் திறந்தாள். தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. துண்டை இழுத்து மூடிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் எண்ணெய்க் குளியல், புதுத்துணி, பலகாரம் எல்லாம் ஆனது. தூறலில் பட்டாசு பாதி வெடிக்கவில்லை. பகல் சாப்பாட்டுக்கு இலை போடும் முன்னால் மாப்பிள்ளையைக் கூட்டிப்போய் ஃப்ரிட்ஜ் முன்னால் நிறுத்தி, துண்டை உருவினேன். அவர் அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றார். அசந்துபோய்விட்டார் என்று நினைத்தேன். ஓட்டை போட்ட கதை, பத்தடி டியூப், பன்னிரண்டு பவுண்டு எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டே ஒரு கிளாஸ் பிடித்தேன். இரண்டு விரல் நுரை கச்சிதமாக நின்றது.

"வேண்டாங்க மாமா" என்றார்.

"நம்ம ஊட்ல என்னங்க மாப்ள கூச்சம்?"

"இல்லீங்க மாமா, வேண்டாங்க. இப்பல்லாம் நான்..." என்று நிறுத்திவிட்டு என் மகளைப் பார்த்தார். அவள் சமையலறை வாசலில் வடைத் தட்டோடு நின்றாள்.

"அவ என்ன சொல்லப் போறா? நான் இருக்கறேன்ல, புடிங்க!" என்று அவர் கையை எடுத்து, கிளாஸை வைத்து, விரல்களை நானே மடக்கிவிட்டேன். மூன்றாவது தடவை அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரே மூச்சில் குடித்தார். "அப்பிடிப் போடுங்க!" என்று நான் கை தட்டினேன். அடுத்த கிளாஸை அவரே பிடித்தார்.

அடுத்த ஒரு மணி நேரம் என் வாழ்க்கையிலேயே நான் பெருமைப்பட்ட நேரம். அதைச் சொல்லவே வாய் கூசுகிறது. அந்த பீர் கடையில் பேசியதுபோல மாப்பிள்ளை பேசினார், சிரித்தார், என் தோளில் கை போட்டார். நான் ஜெயித்துவிட்டவனாகச் சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். மகள் அங்கே இல்லை. பின்பக்கம் துவைக்கிற கல்லின்மேல், தூறலில், புதுப் புடவையோடு உட்கார்ந்திருந்தாள். அவள் பக்கத்திலிருந்து என் மனைவி எழுந்து வந்தாள். யாரையும் பார்க்கவில்லை. ஃப்ரிட்ஜைத் திறந்து சிலிண்டர் வால்வை இறுக்கி மூடினாள், குழாயிலிருந்த டியூபைப் பிடுங்கினாள்.

"யாரு மூடுனது? தொறங்க" என்றார் மாப்பிள்ளை. என் மாமியாரிடம் நான் கனவிலும் அந்தக் குரலில் பேசியிருக்க மாட்டேன். அந்தக் குரலை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. என் மகளுக்கு அது புதிதில்லை. சத்தம் கேட்டதும் ஓடிவந்து, அவருக்கும் தன் அம்மாவுக்கும் நடுவில் தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றாள். அப்படி நிற்க அவளுக்குப் பழகியிருந்தது. அதைப் பார்த்த பிறகு எனக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஆனாலும் சொன்னாள், அவர் தூங்கிப்போன பிறகு. கல்யாணமான இரண்டாம் மாதத்திலிருந்தே இதுதானாம். வேலை போகும் நிலைமைக்கு வந்து, டாக்டரிடம் கூட்டிப்போய், மாத்திரை கொடுத்து, நாலு மாதமாக ஒரு சொட்டு தொடாமல் இருந்தாராம். உன் வீட்டுக்கு மட்டும் சொல்லாதே, உன் அப்பா முன்னால் நான் தலைநிமிர்ந்து உட்கார வேண்டும் என்று அவர் கேட்டுக்கொண்டாராம். இவளும் வாக்குக் கொடுத்துவிட்டாள்.

"பெங்களூர்ல எல்லா ஊட்லயும் தீபாவளின்னாத் தண்ணி. குடிவாசமே இல்லாத ஊடு எங்கப்பா ஊடு ஒண்ணுதான்னு சொல்லித்தான் அவரக் கூட்டிட்டு வந்தேன்" என்றாள்.

"நீ காரணத்தச் சொல்லலையே சாமி."

"காரணம் சொன்னாத்தான் கேப்பீங்களாப்பா? வேண்டாம்னு சொன்னாப் பத்தாதா?"

மறுநாள் காலையில் கிளம்பிப் போனார்கள். மாப்பிள்ளை என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் அவர் முகத்தைப் பார்க்க யோக்கியதை இல்லாமல் காரின் டயரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மனைவி பீப்பாயைப் பின்பக்கம் உருட்டிக்கொண்டுபோய் மிளகுக்கொடி ஓரமாகக் கவிழ்த்துவிட்டாள். மீதி எல்லாம் மண்ணுக்குள் போயிற்று.

ஒரு வருடம் தாண்டிவிட்டது. அவர் மறுபடி நிறுத்தவே இல்லை. இந்தத் தீபாவளிக்கு அவர்கள் வரவில்லை. மகள் அம்மாவோடு மட்டும்தான் பேசுகிறாள். நான் மட்டும் திருந்திவிட்டேன், நல்ல லட்சணம்! வீட்டுக்கு வருகிறவர்களிடம் காபி குடிக்கிறீர்களா என்று ஒரு தடவை கேட்பேன். "வேண்டாங்க" என்றால் "சரிங்க" என்று விட்டுவிடுவேன். ஊருக்குள் எனக்குக் கஞ்சன் என்று பெயர் வந்துவிட்டது. மனைவி தலையில் அடித்துக்கொள்கிறாள். நான் "போதுங்க" என்றதை நம்பி அடுத்த இலைக்குப் போன என் மாமனாரைப் பற்றி இப்போது நான் பேசுவதே இல்லை.

போன மாதம் ஒரு நாள் காலையில் மனைவி போனைக் காதில் வைத்தபடி அப்படியே நின்றுவிட்டாள். எதிர்ப்பக்கம் மாப்பிள்ளை கத்துவது எனக்கே கேட்டது. போனைப் பிடுங்கினேன்.

"கண்ணு, அப்பா வந்து உன்னக் கூட்டியாறட்டுமா?"



"வேண்டாம்ப்பா" என்றாள்.

மறுபடி கேட்க நாக்கு துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். அழுத்தாதே, அவள் சொன்னதைக் கேள், ஒரு தடவையாவது கேள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். "சரி சாமி" என்று போனை வைத்தேன். பெற்ற பிள்ளையின் பேச்சைக் கடைசியில் காது கொடுத்துக் கேட்டுவிட்டேன் என்று ஒரு நிம்மதி. அந்த நிம்மதியோடு மிளகுக்கொடி கட்டப் போனேன்.

மனசு கேட்காமல் என் மனைவி மட்டும் அடுத்த வாரம் பெங்களூர் போய்விட்டு வந்தாள். பஸ் இறங்கி வந்து வாசலில் பையைக்கூட வைக்காமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அன்னிக்குத் துணியெல்லாம் பையில கட்டி வெச்சுட்டுத்தான் உங்ககிட்டப் பேசியிருக்கறா. அப்பா இன்னொருக்கா கூப்புடுவாருன்னு பொழுது சாயற வரைக்கும் போனக் கையிலயே வெச்சுட்டு ஒக்காந்திருந்தாளாமுங்க" என்றாள். "அப்பறம் எல்லாத்தையும் எடுத்துத் திரும்பப் பீரோவுல அடுக்கிட்டாளாம்."